லேபிளில் நிற்கிற தாய்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. லெக்சிங்டன் என்கிற அமெரிக்க ஊரில் பதினெட்டு வருடமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். வருகிறவர்களைக் காலையில் போர்பன் விஸ்கி ஆலைக்கும் மதியம் குதிரைப் பண்ணைக்கும் கூட்டிப்போவதுதான் பிழைப்பு. அந்த ஏப்ரல் வியாழக்கிழமையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்தக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனவனே நான்தான்.

லுரீன் காடில் என்பவள் என் பழைய சிநேகிதி. மலைப்பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்தவள். முப்பத்தொரு வருடமாக ஒரே பண்ணையில் குதிரைகளுக்குப் பிரசவம் பார்க்கிறாள். ரேஸில் ஜெயித்துப் பேப்பரில் படம் வந்த எத்தனையோ குதிரைகள் பிறந்ததும் விழுந்தது அவள் மடியில்தான். முதலாளி இன்றுவரை அவளை 'டோரீன்' என்றுதான் கூப்பிடுகிறார். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அவளும் விட்டுவிட்டாள்.

அந்த மாதம் பண்ணையின் பேர்போன குதிரை சாட்டின் கோர்ட் குட்டி போட்டது. போட்ட குட்டியை மோந்துகூடப் பார்க்கவில்லை. கிட்டே வந்தால் பல்லைக் காட்டியது, உதைத்தது. அந்த மாதிரி நேரத்தில் பால் கொடுக்க வேறொரு குதிரையை வாடகைக்குக் கொண்டுவருவார்கள். வந்ததன் பெயர் பிஸ்கட். பானை வயிறும் ரோமம் மண்டிய காலுமாக இருந்தது. அதன் சொந்தக் குட்டி செத்துப் பிறந்திருந்தது. அடுத்தவள் பிள்ளையை அது லேசில் ஏற்றுக்கொள்ளுமா? வித்தியாசமான வாசனை தெரியாமலிருக்க லுரீன் அதன் மூக்கில் விக்ஸைத் தடவினாள், குட்டியின் முதுகிலும் தடவினாள். பிஸ்கட்டின் வியர்வையைத் துணியில் ஒற்றிக் குட்டிமேல் தேய்த்தாள். கொட்டடி வைக்கோலிலேயே தின்று, அங்கேயே தூங்கினாள். ஐந்தாம் நாள் பிஸ்கட் குட்டியை நக்கியது. லுரீன் எனக்குப் போன் பண்ணி அழுதாள்.

மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை. ஒரு விஸ்கி ஆலை புதுப் பாட்டில் கொண்டுவருகிறதாம். லேபிளில் சாட்டின் கோர்ட்டும் குட்டியும் சேர்ந்து நிற்கிற படம் வேண்டுமாம். ஆலையின் விருந்தாளிகள் பத்துப் பேரும் போட்டோக்காரனும் என் வேனில். காலையிலிருந்தே ஊற்றிக்கொண்டு வந்ததில் வேன் முழுக்க நெடி.

நாங்கள் இறங்கியபோது லுரீன் பண்ணை மேனேஜர் ப்ளேன் என்பவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காபி குடிக்கப் போன நேரம் பார்த்துக் குட்டியைத் தூக்கிவந்திருந்தான். ப்ளேனுக்கு முப்பது வயதிருக்கும். காரியம் ஆக வேண்டுமென்றால் தேன் ஒழுகப் பேசுவான்.

"லுரீனம்மா, அரை மணி நேரந்தான். படம் எடுத்ததும் குட்டிய உங்க கையிலயே குடுத்துடறேன்."

"பெத்தவளா அது? எமன்டா! குட்டியக் கொன்னுடும்."

"ரெண்டு பேர் புடிச்சுக்குவாங்கம்மா. நீங்க சும்மா பயப்படறீங்க."

"அது சரி, குட்டி ஏன் ஈரமா இருக்கு?"

"படத்துல பளபளன்னு தெரியணும்ல? ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டச் சொன்னேன்."

"அறிவிருக்காடா உனக்கு? அஞ்சு நாளா உசிரக் குடுத்து அந்த வாசனைய ஏத்தி வச்சிருக்கேன். இப்ப பிஸ்கட் இத எப்படிடா தன் குட்டின்னு கண்டுபிடிக்கும்?"

ப்ளேன் சிரித்தபடி விருந்தாளிகள் பக்கம் திரும்பினான். "எங்க லுரீனம்மாவுக்குக் குதிரைன்னா உசிரு!" என்றான். அந்த மூதேவிகள் கை தட்டினார்கள். அப்போதே அத்தனை பேரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு நான் வேனைத் திருப்பியிருக்க வேண்டும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

சாட்டின் கோர்ட்டை இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். குட்டியைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பின்கொட்டடியிலிருந்து பிஸ்கட் கனைத்தது. போட்டோக்காரன் படம் எடுத்தான். அடுத்த நொடி சாட்டின் கோர்ட் திமிறி உதைத்தது. லுரீன் குறுக்கே பாய்ந்தாள். உதை அவள் தொடையில் விழுந்தது. குட்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு நொண்டியபடியே பின்கொட்டடிக்குப் போனாள்.

"செம சீன்பா," என்றான் ஒரு விருந்தாளி.

"இன்னொரு வார்த்தை பேசுன, ஹோட்டலுக்கு நடந்துதான் போவ," என்றேன். என் வாய் திறந்ததே அப்போதுதான்.

லுரீன் பயந்ததுதான் நடந்தது. பிஸ்கட் மோந்து பார்த்தது, காதை மடக்கியது, காலைத் தூக்கியது. ஆறு நாள் குட்டி அரை மணிக்கு ஒருதரம் குடிக்க வேண்டும். குடித்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. லுரீன் தன் சட்டையைக் கழற்றினாள். ஆறு நாளாகத் துவைக்காமல் போட்டிருந்த சட்டை, பிஸ்கட்டின் வியர்வையும் பாலும் ஊறிக் கிடந்தது. அந்தக் குளிரில் உள்பனியனோடு நின்று, குட்டியை மூக்கிலிருந்து வால்வரை தேய்த்தாள்.

ப்ளேன் நெளிந்தான். "லுரீனம்மா, விருந்தாளிங்க பாக்கறாங்க. சட்டையப் போடுங்க."

"அவங்கள அந்தப் பக்கம் திரும்பச் சொல்லு. இல்லன்னா நீ வந்து உன் சட்டையக் கழட்டித் தேய். உன் மேல என்ன வாசனை அடிக்குதுன்னு அது சொல்லட்டும்!"

பிஸ்கட் மறுபடி மோந்தது. கழுத்தை, முதுகை, வாலடியை. மடங்கிய காது மெல்ல நிமிர்ந்தது. குட்டி முட்டி மோதிக் குடிக்க ஆரம்பித்ததும் லுரீன் வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் தொடையில் ரத்தம் கட்டியிருந்தது.

குட்டி பால் மறந்ததும் பிஸ்கட்டை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அக்டோபரில் புதுப் பாட்டில் கடைக்கு வந்தது. தங்க எழுத்தில் 'தாயன்பு' என்று போட்டிருந்தார்கள். முதலாளி லுரீனுக்கும் ஒன்று அனுப்பியிருந்தார், 'டோரீனுக்கு' என்று எழுதி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன். லுரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடைக்காதே. குட்டியோட தலையப் பாரு."

பார்த்தேன். சாட்டின் கோர்ட் கம்பீரமாக நிற்கிறது. குட்டி அதைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்பக்கம் எதையோ தேடுகிறது.

"பிஸ்கட் கூப்பிட்டுச்சில்ல, அப்ப எடுத்தது," என்றாள் லுரீன்.

கடை கடையாகப் பார்த்துவிட்டேன். அத்தனை பாட்டிலிலும் குட்டி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது.