சர்க்கரை எரியாத கெண்டைக்கால்

பிசியோதெரபிஸ்ட் என்று பலகை எழுதி மாட்டினாலும், ‘நீவிவிடுகிறவர்’ என்றே ஊர் நம்மை அறியும். இத்தொழிலில் உழலும் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எந்தச் சர்க்கரை?

ஆலந்தலை மீனவர் சகாயம் சிறிது தூரம் நடந்ததும் கால் இழுத்து நின்றுவிடுவார். சற்று ஓய்ந்தபின் நன்றாகவே நடப்பார். நடிப்பு என்றனர் கடற்கரையில். தசையில் சேர்ந்துள்ள சர்க்கரையை எரிக்க இயலாத பிறவிக் குறை என்று பரிசோதனையில் தெரிந்தது. கடும் வேலைக்கு முன் சிறிது இனிப்பு நீர் பருகுமாறு மருத்துவர் கூறினார். ஊருக்குள் போய்ச் சேர்ந்ததோ ‘சர்க்கரை’ என்ற சொல் மட்டும். நீரிழிவு என்று எண்ணி அவருடைய தேநீரில் இனிப்பையே நிறுத்திவிட்டனர். அவர் மனைவி ரோசம்மாளுக்கு விளக்க முயன்றேன்.

“எங்க அத்தைக்குச் சர்க்கரைன்னா இனிப்பு ஆகாதுங்கிய, இவருக்குச் சர்க்கரைன்னா குடிக்கச் சொல்லுதிய. மொதல்ல நீங்க எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார்!”

நாடி உண்டு

மணலில் சிக்கிய வள்ளத்தை மூச்சைப் பிடித்துத் தள்ளிய அன்றே சகாயத்தைத் தூத்துக்குடியில் நான் பணிபுரியும் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தனர். அடியில்லை, முறிவில்லை, கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகியிருந்தது. நெஞ்சு கல்லாவதைப் பற்றிப் பதிகங்களில் நிறைய ஓதியிருக்கிறேன். கால் கல்லாவதை அன்றுதான் தொட்டறிந்தேன். கால்விரலை மேல்நோக்கி இலேசாக வளைத்ததற்கே அலறினார். பாதத்திலோ நாடி துடித்தது.

நான் குழம்பி நிற்க, அறுவை மருத்துவர் கூறினார்: நாடி துடித்தாலும், இறுகிய உறைக்குள் வீங்கிய தசை நசுங்கிச் சாகிறது, உடனே உறையைக் கீறித் திறக்காவிடில் கால் போய்விடும். செத்த தசையின் கழிவு கலந்து சிறுநீர் பாலில்லாத கட்டங்காப்பி நிறத்தில் இறங்கியதால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. ரோசம்மாளின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எலும்பு ஒடையல, நாடி ஓடுது, பொறவு எதுக்கு அறுக்கணும்? எண்ணெய் போட்டு நீவுங்க சார், அது ஒங்க வேலதான?”

திறந்த கால்

நான் நீவவில்லை. ரோசம்மாள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்; பிறகு அறுக்கச் சொன்னார்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது காயம் தைக்கப்படாமல் திறந்திருந்தது. வீக்கம் வடிந்த பின்னரே மூடுவது முறை. பெருவிரலை அசைக்கச் சொன்னேன். அசைந்தது. ரோசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். சகாயம் காயத்தை எட்டிப் பார்த்து, என் காதருகே தாழ்ந்த குரலில் கேட்டார்.

“வெரலு கெடக்கட்டும் சார், தைக்க மறந்துட்டாவன்னு டாக்டர்ட்ட யாரு சொல்லுதது?”

நீவிப் பிழைக்கும் அடியேன் அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு நன்றியாக அவ்வீட்டிலிருந்து அவ்வப்போது கருவாடு வருகிறது. மரக்கறி மட்டுமே உண்ணும் நான் அதை என்செய்வது என்பது இன்றுவரை விளங்கவில்லை.