பேன் பார்க்கும் வரிசை

எங்கள் ஊர் மானகிரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு வாக்கில் எனக்குப் பதினாலு வயசு. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியாகிவிட்டது. மத்தியானம் சமையல் முடிந்ததும் எங்கள் வண்டிக் கொட்டகை நிழலில் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். முன்னால் இருப்பவள் தலையை நாம் பார்ப்போம், நம் தலையைப் பின்னால் இருப்பவள் பார்ப்பாள். எனக்குப் பேச்சு வராது. அங்கே பேச வேண்டியதில்லை, தலையைக் கொடுத்தால் போதும். அதனாலேயே அந்த நேரத்துக்குக் காத்திருப்பேன்.

எனக்குப் பின்னால் எப்போதும் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் மகள்தான். என் வயசு. ஒருநாள் அவள் விரல் நின்றுவிட்டது.

"ஏ புள்ள, இங்க முடியக் காணோம்டி. புளியங்கொட்ட அளவுக்கு வழவழன்னு இருக்கு."

எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். "அறுத்த வயக்காடு மாதிரில்ல இருக்கு" என்று ஒருத்தி சிரித்தாள். சின்னம்மா மட்டும் சிரிக்காமல், "புழுவெட்டு" என்றார்கள். முடியை ஒரு புழு வெட்டுகிறது, அது தலைக்குத் தலை தாவும் என்று அப்போது எல்லாரும் நம்பினோம். நானும்தான்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக. சரியாகுற வரைக்கும் ஒங்க மக அங்குட்டு இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார்கள் சின்னம்மா.

அம்மா என்னை எழுப்பி வீட்டுக்குள் கூட்டிப்போனாள். மறுநாளே எனக்குத் தனிச் சீப்பு, தனித் தலையணை.

அம்மா சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துவிட்டாள். எரிந்தது, முடி வரவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் சொட்டை விழுந்தது. வகிட்டை மாற்றி எடுத்து, அதன்மேல் கனகாம்பரம் வைத்துக்கொண்டேன். காற்றடித்தால் கை தானாகத் தலைக்குப் போகும்.

கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது உள்ளே பழைய வேட்டித் துண்டை விரித்து, பேன்சீப்பால் நானே வாரிக்கொள்வேன். ஒன்றிரண்டு விழும். பேனாவது என்னை விட்டுப் போகவில்லையே என்றிருக்கும்.

தையில் சின்னம்மா மகள் கல்யாணமாகி, செக்காலையில் மாமியார் வீட்டுக்குப் போனாள். ஆடிக்கு அழைத்து வந்தார்கள். வந்த மறுநாள் கொல்லை வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தவள், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"பாத்து விடுடி. அங்குட்டு ஒருத்தரும் எந்தலையத் தொடமாட்டாக. கேக்கவும் வெக்கமா இருக்கு."

"ஒங்கம்மா வைவாக."

"வையட்டும்."

"புழு தாவிருச்சுன்னா?"

"தாவுனா ரெண்டு பேருமா வெங்காயம் தேப்போம். பேசாமப் பாரு."

பத்து மாசமாக இன்னொருத்தர் தலையில் என் விரல் பட்டதில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பேன் இல்லை, ஈர்கூட இல்லை. எழுந்து போய்விடுவாளோ என்று நகத்தோடு நகத்தை வைத்து அழுத்தி, டிக்கென்று சத்தம் மட்டும் கொடுத்தேன்.

"இருக்கா?"

"இருக்கு."

வெகுநேரம் கழித்து, "நீ திரும்பு, ஒனக்குப் பாக்குறேன்" என்றாள். நான் ஏங்கிக் கிடந்தது அதுக்குத்தான். காலையில்கூடத் துண்டில் மூன்று பேன் விழுந்திருந்தன. ஆனால் கை தானாகக் கனகாம்பரத்துக்குப் போனது.

"எனக்கு இல்லடி" என்று சொல்லிவிட்டேன்.

என் கனகாம்பரத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கொண்டையை முடிந்துகொண்டு வந்த வழியே போனாள்.

அடுத்த வருஷம் முடி வந்தது. முதலில் இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையாக, அப்புறம் கறுப்பாக. சின்னம்மாவே வந்து கூப்பிட்டார்கள். போனேன். நடுவில் இடம் விட்டிருந்தார்கள். நான் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்தால் நமக்குப் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.