சோடா மேடம் பிடித்த பேய்

பம்மலில் வேனிலிருந்து சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாவலூர் ஆய்வுக்கூடத்தின் வாட்ச்மேன். "அண்ணா, சோடா மேடம் பூட்டாங்கண்ணா." கேலிக்கு நான் வைத்த பெயர் அது. அதிலேயே சாவுச் செய்தியும் வந்து சேர்ந்தது.

அவர் பெயர் பர்வீன்; அந்தக் கூடத்தில் மெஷின் ஓட்டுபவர். புது மருந்து தேடும் அந்த இடத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு கொண்டுபோவது என் வேலை. சோடாவில் அடைக்கிற அதே காற்றுதான். அதை அழுத்திச் சூடாக்கினால் காற்றாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல் ஒன்றாகுமாம். அதோடு மருந்தைச் சேர்த்து ஒரு குழாய்க்குள் ஓட்டினால், கலந்து கிடப்பதெல்லாம் தனித்தனியாக வெளியே வரும். கடைசியில் நிற்கும் மெஷின் ஒவ்வொன்றையும் எடை போடும்.

"அப்போ இதுவும் என்ன மாரி ரெண்டுங்கெட்டான்னு சொல்லுங்க."

"இதுக்கு வாய் கிடையாதுண்ணா. நிம்மதி."

நான் வால்வைத் திறக்கும்போதெல்லாம், "மெதுவாண்ணா" என்பார்.

காலையில் முதல் வேலையாக, மருந்தே சேர்க்காமல் ஒருமுறை ஓட்டுவார். திரையில் கோடு தட்டையாகப் போக வேண்டும்.

"இன்னாத்துக்கு மேடம் காலி வண்டிய ஓட்றீங்க?"

"நேத்து ஏறினவன் எவனாவது இறங்காம உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பேய்னு பேரு."

ஒருநாள் அந்தப் பேய் வந்தது. ஒன்றும் போடாமலே கோடு குன்றுபோல் எழுந்து நின்றது. மேலாளர் என் பக்கம் திரும்பினார். "கேஸ்லதான் அழுக்கு. இவரை நிறுத்திட்டு வேற ஆள் பாருங்க." என் பிழைப்பில் பாதி அந்தக் கூடம்தான். அன்று எனக்குக் கிண்டலே வரவில்லை.

"எடை பார்க்காம யாரையும் அனுப்பக் கூடாது சார்," என்றார் பர்வீன். பார்த்தார். அந்தக் குன்றுக்கு முந்தின நாள் ஓட்டிய மருந்தின் எடையேதான். சிலிண்டரை மாற்றாமல் குழாயை மட்டும் கழுவினார். குன்று குறைந்து குறைந்து தட்டையானது. என் காற்றில் குற்றமில்லை.

"பேயோட்ட பீஸ் இன்னா மேடம்?"

"வாயை மூடிக்கிட்டு சிலிண்டரை இறக்குங்கண்ணா."

பீர்க்கன்கரணையில் அவர் வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு, மறுநாள் நாவலூர் போனேன். அவர் நாற்காலியில் வேறொரு பெண். காலி ஓட்டம் போய்க்கொண்டிருந்தது. "கிளீனா இருக்கு," என்றாள். நான் புது சிலிண்டரை மாட்டி வால்வைத் திருகினேன். சீறியது. முதுகுக்குப் பின்னால், "மெதுவாண்ணா."

திரும்பினேன். பின்னால் யாருமில்லை; அந்தப் பெண் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாக வால்வைக் கொஞ்சம் மூடியிருந்தது.

என்னிடம் மிஞ்சியது அந்தக் குரல்தான். அவரோடு வேலை பார்த்தவர்களே, உங்களுக்குள்ளும் அவர் இறங்காமல் உட்கார்ந்திருப்பார். கழுவிவிடாதீர்கள்.