பாம்பு வந்தால் திறக்கும் கதவு

அன்னூர்ப் பக்கம் பருத்திக் காட்டை அழித்து மனை போட்ட லேஅவுட் எங்களுடையது. அந்த மாதிரிக் காடுகளில் கூலிக்குக் களை வெட்டியவர்கள் என் அப்பாவும் அம்மாவும். நான் வங்கியில் கிளார்க். குடிவந்த வாரமே எதிர்வீட்டம்மா கேட்டார்: "சொந்த ஊர்ல ஊடு எந்தப் பக்கமுங்க அம்மணி? ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமுங்களா?"

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். காலனி என்றேன். கிரகப்பிரவேசத்துக்கு எல்லா வீட்டாரும் வந்தார்கள், மொய்க் கவர் வைத்தார்கள், பந்தியில் ஒருவரும் உட்காரவில்லை. அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பார்த்து விரதம். மிஞ்சிய சோற்றை நானும் என் வீட்டுக்காரரும் வங்கிக்கு எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஒரு வருஷம் நான் யார் வீட்டு வாசற்படியையும் தாண்டவில்லை. பிறகு ஒருநாள் காலை எதிர்வீட்டில் அலறல். அவர்கள் சமையலறையில், சிலிண்டருக்குப் பின்னால் பாம்பு. ஆண்கள் எல்லாம் வாசலில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது சரிதான். நான் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலை எடுத்துக்கொண்டு, பூஜையறையைத் தாண்டி உள்ளே போய் நாலே அடியில் முடித்தேன். முதுகெலும்பு முறிந்தபோது பச்சைக் கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. நான் வெளியே வந்ததும் எதிர்வீட்டம்மா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினார். பாம்பின் ரத்தத்துக்கா, என் காலுக்கா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ரெண்டுக்குந்தானுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருப்பார்.

அதன்பின் எந்த வீட்டில் பாம்பு வந்தாலும் எனக்குத்தான் போன். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று ஒருவர் வீட்டு உள்ளறையும் பாக்கியில்லை. செத்த பாம்பைக் கழியில் தூக்கிக்கொண்டு நான் நிற்கும் படம் லேஅவுட் வாட்ஸ்அப் குழுவில் வரும்; 'வீரப் பெண்மணி' என்று போடுவார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. நான்கு வருஷத்தில் பதினொரு பாம்பு.

ஒருநாள் வங்கிக்கு வந்த ஒரு குட்டியானை வண்டி டிரைவர், பக்கத்து ஊர்களில் பாம்பு பிடித்துக் காட்டில் விடுகிறவர் என்று தெரிந்தது. விடுவேனா? கவுண்டர் வழியாக என் செல்போனை நீட்டினேன். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார்.

"சாரைங்க. இதுவும் சாரை. இது நீர்க்கோலி. இது கொம்பேறி மூக்கன். இது..." கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "வெள்ளிக்கோல் வரையனுங்க. பல்லி திங்கும். ஏனுங்க மேடம், ஒண்ணுலகூட விஷமில்லீங்களே? அத்தனையும் அடிச்சுப்போட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்களே என்றேன். "உங்கள மாதிரி ஆளு வாராங்களான்னு பாக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுவதும் அந்த ஆளைக் கரித்துக் கொட்டினேன். மறுநாள்தான் கோபம் இறங்கி, செய்தது உறைத்தது.

பாம்புகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் படத்தைக் காட்டுவார், நான் சொல்ல வேண்டும். கழுத்திலேயே வெள்ளைப் பட்டை தொடங்கி வால்பக்கம் மங்கினால் வரையன். தலைக்குப் பின்னால் கொஞ்சம் வெறுமையாக விட்டு, பிறகு வால்வரை போனால் கட்டுவிரியன், எட்டி நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் தள்ளி நின்று, நம்பர் வாங்கி வைத்திருந்த அந்த டிரைவருக்குப் போன் செய்வது.

அடுத்து ஒரு வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் சாரை வந்தது. எலிக்காக வந்திருக்கிறது, வழிவிட்டால் போய்விடும் என்று சொல்லி நானே கேட்டைத் திறந்து விட்டேன். "சரிங்க, நீங்க சொன்னாச் சரிங்க" என்றார்கள். அதோடு போன் நின்றது. வாட்ச்மேன் அடித்த பாம்புகளின் படங்கள் குழுவில் வந்தன. அறிவுரை சொல்கிற காலனிக்காரியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? எனக்கு நெஞ்சு எரிந்தது, பாம்புக்காக அல்ல.

எதிர்வீட்டு மகளுக்கு வளைகாப்பு வந்தது. லேஅவுட் பெண்கள் அத்தனை பேரையும் அழைத்திருந்தார்கள், என்னைத் தவிர. ஜன்னல் வழியாகப் பட்டுப்புடவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு எதிர்வீட்டம்மா தெருவைத் தாண்டி ஓடி வந்தார்.

"அம்மணி, சீக்கிரம் வாங்க! சோபாவ நகத்துனா பாம்புங்க! புள்ளத்தாச்சி இருக்கற ஊடு, எங்க ஆளுக கையால அடிக்கக் கூடாதுங்க, பாவம் கொழந்தைக்கு வந்துரும். வாட்ச்மேன் லீவுங்க. நீங்கன்னா பரவால்லீங்க."

என் கை பட்டால் பாவம் எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை. கழியோடு போனேன். கூடத்து மூலையில் ஒரு முழம்கூட இல்லாத பாம்பு, சுவரில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. பட்டை கழுத்திலேயே தொடங்கியது. வரையன். பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் சொருகினால் போதும்.

திரும்பிப் பார்த்தேன். தட்டு நிறைய வளையல், கிண்ணத்தில் சந்தனம், நாற்காலியில் அந்தப் பெண். அத்தனை பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் நின்றபின் ஒரு வருஷமாக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அடித்தேன். முதல் அடி நடுவில் விழுந்தது. அது வாயைத் திறந்து கழியைக் கடித்தது. தலையில் இன்னும் மூன்று அடி போட்டேன். யாரோ கை தட்டினார்கள், யாரோ படம் எடுத்தார்கள்.

பாம்பை வெளியே எறிந்துவிட்டு, குழாயில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். வளையல் தட்டுக்கு நேராகப் போனேன். எதிர்வீட்டம்மா மென்மையாக என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாம்படிச்ச கையிங்க கண்ணு. தப்பா நெனச்சுக்காதீங்க. சாப்பாடு ஊட்டுக்கே குடுத்து உடறேனுங்க."

ஐந்து வகைச் சாதமும் பொட்டலமாக வந்தது. நான் இலையை விரித்துப் பரிமாறினேன். என் வீட்டுக்காரர் குழுவில் வந்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டை கழுத்துலயே தொடங்குதே?" என்றார்.

"கட்டுவிரியன்தானுங்க. சாப்பிடுங்க" என்றேன்.