கண்ணீர் நிற்க ஜெபித்தேன், கண்ணீர் தந்தார்

என் கண்ணைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஆண்டவரை நம்புகிற நீங்கள் இதைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் குருடியாகப் போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

என் பெயர் தங்கம். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ஏசுவடியான், தச்சுவேலை செய்கிறவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வருத்தம் இருவருக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்லி ஒருவரை ஒருவர் நோகடித்ததில்லை. நான் சிறுவயதிலேயே மிஷன் அம்மாமாரிடம் லேஸ் பின்னக் கற்றவள். உருண்டைத் தலையணை ஒன்றில் கோலம் போட்ட அட்டையை வைத்து, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை வலமும் இடமுமாக மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு குண்டூசி குத்தி நிறுத்த வேண்டும். கண்ணை எடுத்தால் கணக்குத் தப்பிவிடும். மிஷன் லேஸ் அறையில் என்னோடு பின்னின பெண்கள் என்னைக் ‘கண்ணிமைக்காத தங்கம்’ என்பார்கள். ஒரு வரிசை முடியும்வரை இமைக்காமல் இருப்பேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை! கர்வம் என்றே சொல்லலாம்.

கொல்லம் ஆண்டு 1106, அதாவது வெள்ளைக்காரர் கணக்குக்கு 1931. ஆனி மாதம். மலை இடுக்கு வழியாக எங்கள் ஊருக்குள் காற்று பாயும் காலம். முதலில் கண்ணில் மண் விழுந்ததுபோல ஓர் உறுத்தல். கழுவினேன், போகவில்லை. பிறகு எரிச்சல். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பத்து மணி ஆவதற்குள் கண் சிவந்து, தண்ணீர் தாரை தாரையாக ஊற்றத் தொடங்கும். துடைத்தால் மறுபடி ஊற்றும். என் வீட்டுக்காரர் முதலில் கேலி பண்ணினார்.

“ஏட்டி, இவ்வளவு தண்ணி வருகே. வயலுக்குத் திருப்பி விட்டா ஒரு போகம் விளஞ்சிரும்.”

நானும் சிரித்தேன். ஆனால் மாதங்கள் போனபின் அவரும் கேலியை விட்டுவிட்டார். குண்டூசித் தலை எனக்கு இரண்டாகத் தெரிந்தது. வேதம் வாசிக்க உட்கார்ந்தால் நாலு வரிக்குள் எழுத்து கலங்கிவிடும்.

தண்ணீர் கூடுதலாக வருகிறது, ஆகவே அதை வற்ற வைக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். இதற்கு யார் வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வார்கள் அல்லவா? பக்கத்து வீட்டு அக்காள் சின்ன வெங்காயச் சாறு விடச் சொன்னாள். கெட்ட நீர் மொத்தமும் ஒரேயடியாக வெளியே போய்விடுமாம். விட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. அதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று நானாகவே செய்தேன். எங்கள் ஊரில் எதையும் காற்றில்தான் உலர்த்துவோம். நெல்லானாலும் துணியானாலும் அந்தக் காற்றில் அரை நாளில் காய்ந்துவிடும். நெல் காயும்போது கண் காயாதா? என் லேஸ் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய், காற்று நேராக முகத்தில் அடிக்கிற மேற்கு வாசலில் உட்கார்ந்துகொண்டேன். ஆனி, ஆடி, ஆவணி என்று மாதக்கணக்காக அப்படி உட்கார்ந்தேன். அடுத்த வருஷமும் காற்று தொடங்கியதும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். கண்ணோ மேலும் மேலும் ஊற்றியது.

புதன்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். “ஆண்டவரே, இந்தத் தண்ணீரை நிறுத்தும். வேறொன்றும் கேட்க மாட்டேன், இதை மட்டும் நிறுத்தும்” என்று ஜெபித்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் இதே ஜெபம். நின்றபாடில்லை. லேஸ் அறையை நடத்துகிற அம்மாள், என் பின்னலில் மூன்று இடத்தில் பிழை கண்டுபிடித்து, “கொஞ்ச நாள் வீட்டிலேயே இரு, தங்கம்” என்று சொல்லிவிட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நான் வழியெல்லாம் சுவரைத் தடவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் இன்னொரு தொல்லை கிளம்பிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் நான் உட்காருவேன். ஜன்னல் காற்று படும். முதல் பாட்டு முடியுமுன் என் கன்னம் இரண்டும் நனைந்துவிடும். பின்னால் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆரம்பத்தில், தங்கம் மனந்திரும்பி உருகுகிறாள் என்று நினைத்தார்கள். ஒரு வருஷமாக வாராவாரம் உருகினால்? புருஷன் கொடுமைப்படுத்துகிறான் என்று முடிவு செய்தார்கள். பிள்ளையில்லாத வீடு, கேட்பானேன். இரண்டு பெண்கள் என் வீட்டுக்காரரைக் கிணற்றடியில் நிறுத்தியே கேட்டுவிட்டார்கள்.

“அண்ணே, தங்கத்தெ நீங்க என்ன செய்யுகிய? ஞாயித்துக்கெழம தோறும் கோயில்ல இருந்து அழுகாளே!”

என் வீட்டுக்காரர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினையாதவர். அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆடி மாதக் கடைசியில் போதகரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போதகர் என் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து, மனைவியை நேசிக்க வேண்டும் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

“ஐயா, நான் அவள ஒரு வார்த்த ஏசினதில்ல,” என்றார் என் வீட்டுக்காரர். “அவ கண்ணு சும்மா ஒழுகுகு. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் செய்ய அறியல்ல.”

போதகரம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார்கள்: “இவ அழல்ல. அழுகிறவளுக்கு மூக்கு அடைக்கும், தொண்டை கம்மும். இவ சாதாரணமாப் பேசுகா, கண்ணு மட்டும் ஊத்துகு. இது வியாதி. ஏசுவடியான ஒண்ணும் சொல்லாதிய.”

அங்கேயே முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். அதோடு, மேற்கே மிஷன் ஆஸ்பத்திரியில் தமக்குத் தெரிந்த டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள். பாருங்கள், எங்கள் பேர் கெட்டுப்போனதே என்று நான் நொந்துகொண்டிருந்த காரியத்தைக்கொண்டுதான் ஆண்டவர் எனக்கு வாசலைத் திறந்தார். என் வீட்டுக்காரர்மேல் அந்தப் பழி விழாதிருந்தால் போதகரம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டார்கள்.

ஆவணி முதல் வாரத்தில் புறப்பட்டோம். நாகர்கோவில் வரை மாட்டு வண்டி, அதற்குமேல் மோட்டார் பஸ். வழி முழுக்க இவர் தம் துண்டை விரித்து என் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டே வந்தார். கை வலித்தால் கையை மாற்றினார், துண்டை இறக்கவில்லை.

டாக்டரம்மா நம் ஜில்லாப் பெண்தான். சென்னையில் படித்தவர்கள். காற்றில்லாத ஓர் அறையில் என்னைக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். பிறகு மை ஒற்றுகிற தாளில் விரலகலத் துண்டு ஒன்றைக் கத்தரித்து, அதன் நுனியை மடித்து என் கீழிமைக்குள் மாட்டினார்கள். சற்றுப் பொறுத்து எடுத்து என் கையில் கொடுத்தார்கள். நுனி மட்டும் லேசாக நனைந்திருந்தது. மீதி காய்ந்தே இருந்தது.

“தங்கம், உனக்குக் கண்ணீர் கூடுதல் இல்ல. கொறவு,” என்றார்கள்.

நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாக ஊரே பார்க்க ஊற்றின கண்ணில் கண்ணீர் குறைவாம்! டாக்டரம்மா சிரித்துவிட்டு விளக்கினார்கள். நல்ல கண்மேல் எப்போதும் மெல்லிய ஈரம் இருக்குமாம். அது ஆவியாகிவிடாதபடி இமையோரத்தில் இருந்து எண்ணெய்ப் பசை சுரந்து மூடிக்கொள்ளுமாம். நாம் இமைக்கும்போதெல்லாம் அந்தப் பசை கண்மேல் பரவும். இமைக்காதிருந்தால் ஈரம் காயும். காய்ந்த கண் பயந்துபோய் வெறும் தண்ணீரைக் கொட்டும். “வெடிச்ச வயல்ல ஒரேயடியா மழ கொட்டினா என்ன ஆகும்? ஓடிப்போகும், மண்ணுல இறங்காது. அந்த மாதிரிதான்.” வயலைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது.

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன். “பின்னுகிற மாதிரி கையெ அசச்சுக் காட்டு.” நான் மேஜைமேல் விரல்களை ஓட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “நான் பல தடவ இமச்சாச்சு. நீ ஒருக்ககூட இமைக்கல்ல,” என்றார்கள். காற்றுக்கு எதிரே உட்கார்ந்த கதையைச் சொன்னேன். வெங்காயச் சாற்றையும் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

இனி எந்தச் சாறும் கண்ணில் படக் கூடாது. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். காலையும் சாயங்காலமும், கை பொறுக்கிற சூட்டில் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடின கண்மேல் வைக்க வேண்டும். ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். பிறகு இமையை மெல்ல ஓரத்தை நோக்கி நீவிவிட்டு, இமைமயிர் ஓரத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். எரிகிற நேரத்தில் விட ஆஸ்பத்திரியில் செய்த சொட்டுமருந்தும் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னும்போது இமைக்க வேண்டும். “ஒரு ஊசி குத்தினா, கண்ண முழுசா அடச்சு ஒருக்கத் திற. அரைகுறையா அல்ல, முழுசா.”

“எத்தன நாளைக்கு அம்மா?” என்று கேட்டேன்.

“இது போற வியாதி இல்ல, தங்கம். கூடவே இருக்கும். நீ பாத்துக்கிட்டா அது ஒன்ன உபத்திரவிக்காது. கண்ணு பொட்டையாகாது, பயப்படாத.”

குருடியாக மாட்டேன் என்ற அந்தக் கடைசி வார்த்தைக்காக அவர்கள் கையைப் பிடித்து முத்தமிட்டேன்.

வீட்டில் வெந்நீர் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். விடிந்ததும் உளியைத் தொடுமுன் அடுப்பில் தண்ணீர் வைப்பார். துணியைப் பிழிந்து, தம் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, பிறகுதான் என் கண்ணில் வைப்பார். எனக்கோ பகலில் கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடக்கத் தெரியாது. முதல் இரண்டு நாள் ரொம்ப அவஸ்தையாக இருந்தது. மூன்றாம் நாள் ஜெபிக்கத் தொடங்கினேன். யோசித்துப் பாருங்கள், அதுவரை நான் உபவாச நாளிலும் ஊசியைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்திருந்தேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, கை சும்மா கிடக்க, ஆண்டவரிடம் பேசினேன். ஒரு சங்கீதம் இவர் சொல்வார், துணி ஆறிவிடும். மறுபடி நனைத்து வைத்து அடுத்ததைச் சொல்வார்.

ஐப்பசியில் உறுத்தல் குறைந்தது. கார்த்திகையில் குண்டூசித் தலை ஒன்றாகத் தெரிந்தது. லேஸ் அறைக்குத் திரும்பினேன். ஒவ்வொரு ஊசிக்கும் கண்ணை மூடித் திறந்து, மனதுக்குள் ‘ஸ்தோத்திரம்’ சொல்வேன். பக்கத்துப் பெண், “ஏட்டி, என்ன கோழி ஒறங்குக மாதிரி கண்ண அடைக்கிய?” என்று கேட்டாள். கேட்டவள் இன்றைக்கு அப்படித்தான் பின்னுகிறாள்.

சொன்னால் வெட்கம்: கிறிஸ்துமஸுக்குப் பிறகு, சுகமாகிவிட்டதே என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அடுத்த ஆனிக் காற்றில் அத்தனையும் திரும்பி வந்தது. மறுபடி ஆண்டவரிடம் சண்டைக்குப் போனேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. நேற்றுச் சாப்பிட்டேன் என்று இன்றைக்குப் பட்டினி கிடப்போமா? அன்று தொட்டு ஒரு நாளும் விட்டதில்லை. காற்று நாளில் முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொள்கிறேன், அடிக்கடி சொட்டுமருந்து விடுகிறேன். நாலு வருஷமாக என் வேலை நிற்கவில்லை.

வியாதி திரும்பி வந்த அந்த ஆனி போய், ஒரு காலை. ஆவணி மாதம். இவர் துணியை எடுத்துவிட்டு, கண் எப்படி இருக்கிறதென்று குனிந்து பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக அந்த முகத்தை நான் பெரும்பாலும் கலங்கலாகத்தான் பார்த்திருந்தேன். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாக அன்றுதான் தெரிந்தது. மீசையில் பாதி வெள்ளை.

“என்னத்தெ பாக்கிய?”

“ஒங்க மீச நரச்சுப் போச்சே!”

“அது ஒனக்குக் கண்ணு ஒழுகத் தொடங்கின வருஷமே நரச்சாச்சுட்டி.”

என் தொண்டை அடைத்தது. மூக்கு அடைத்தது. கண்ணீர் வந்தது. அவர் பதறிப்போய், வியாதி திரும்பிவிட்டதென்று மறுபடி துணியை நனைக்க ஓடினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அது இல்ல. இது அழுகதான். இரிங்க.”

அவர் துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நன்றாக அழுதேன். எத்தனையோ நாளுக்குப் பின் எரியாத கண்ணீர். தண்ணீரை நிறுத்தும் என்று நான் கேட்டேன். எனக்கு வேண்டியது கண்ணீர் என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டபடி கொடுத்திருந்தால் நான் குருடியாகியிருப்பேன். கொடுக்காததற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

அன்புள்ளவர்களே, ஜெபம் கேட்கப்படவில்லை என்று இன்றைக்கு யாராவது நொந்துகொண்டிருந்தால், ஆண்டவர் காதில் விழவில்லை என்று எண்ண வேண்டாம். கண் உறுத்துகிறவர்கள் வைத்தியரிடம் போங்கள். வைத்தியரை அனுப்பினவரும் ஆண்டவர்தான். போக யோசனையாக இருந்தால் முதலில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இவர் தண்ணீர் சுட வைப்பார், தம் கன்னத்தில் சூடு பார்த்துத் தருவார். நான் பக்கத்தில் இருந்து உங்களுக்காக ஜெபிக்கிறேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.