இடது ஓரத்துச் சிவப்புக் கயிறு

முதலில் நழுவியது துணிதான். இடது கையில் பிடித்து வெட்டிக்கொண்டிருந்த நீலத் துணி தரையில் விழுந்தது. எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. "சனியனே, ஒரு இடத்துல நில்லேன்" என்று துணியைத்தான் திட்டினேன். கை போய்விட்டது என்று யார் கண்டது?

நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததாம். மைன்ஸ் சட்டையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

சி.டி. ஸ்கேன் (மூளையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் சோதனை) எடுத்தார்கள். பக்கவாதம். மூளையின் வலப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. சீக்கிரம் போனதால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கை நழுவினால் என்னைப் போலத் துணியைத் திட்டிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே கிளம்புங்கள்.

மூன்றாம் நாள் நர்ஸிடம் அழுதேன். "ரெண்டு நாளா எங்க வீட்டுக்காரர் எட்டிக்கூடப் பாக்கலம்மா."

நர்ஸ் என் தலையை மெல்ல இடது பக்கம் திருப்பினார். கட்டிலை ஒட்டி ஸ்டூலில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அதே இடத்தில்தான் இருந்தாராம். அவர் பேசும்போதெல்லாம் நான் வலப்பக்கம் திரும்பித் தேடினேனாம். அன்றிலிருந்து அவர் என் வலப்பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தார்.

இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் பார்த்தாலும் இடது பக்கத்தை மூளை கணக்கில் எடுக்காத நிலை) என்று டாக்டர் பெயர் சொன்னார். "கண்ணுல குறையில்லம்மா. மூளைக்குத்தான் இடது பக்கம் மறந்துபோச்சு. பழக்கணும்" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறந்துபோனது மறந்துபோன ஆளுக்கு எப்படித் தெரியும்?

சில வாரங்களில் கைக்குப் பலம் திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டில் சண்டை பிடித்தேன். தட்டில் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு, பொரியல் வைக்கவேயில்லை என்று கத்துவேன். அவர் தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைப்பார். பொரியல் இருக்கும்.

எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: மறுபடி ஒரு குவில்ட்டை முழுசாகத் தைத்து முடிக்க வேண்டும். இரண்டு துணிகளுக்கு நடுவே மெல்லிய பஞ்சை வைத்து, மேலே துண்டுத் துணிகளால் படம்போலத் தைப்பதுதான் குவில்ட். நாங்கள் ஏழு பெண்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு. மாதம் ஒருத்தி தலைப்புச் சொல்வாள். நோட்டுத் தாள் அளவில் தைத்து, கடைசி நாளில் எல்லாரும் ஒன்றாகப் படம் போடுவோம். "மழை" என்ற தலைப்புக்கு ஒருத்தி ஓட்டைக் குடை தைத்தாள். இன்னொருத்தி கொடியில் காயாத பள்ளிச் சீருடை தைத்தாள். அடேயப்பா, ஒரே சொல்லுக்குள் இத்தனை மழையா என்று வாய் பிளந்து பார்ப்பேன்.

அந்த மாதத் தலைப்பு "ஜன்னல்". இடது கை துணியை மறந்து விட்டுவிடும் என்று ஏழுமலை ஒரு பலகையில் கிளிப் அடித்துத் துணியைப் பிடிக்கவைத்தார். மூன்று வாரம் தைத்தேன். கம்பி, திரைச்சீலை, வெளியே முருங்கை மரம். படத்தைக் குழுவில் போட்டேன். "அந்த வெற்றிடம் அபாரம் கலா!" "சொல்லாம விட்டதுதான் அழகு!" என்று பாராட்டு குவிந்தது. எந்த வெற்றிடம்? ஏழுமலையைக் கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்டெல்லா அக்கா வந்தார். வடக்குத்து என்ற பக்கத்து ஊரில் ரவிக்கை தைப்பவர்; குழுவைத் தொடங்கியதும் அவர்தான். டீயைத் தொடவில்லை.

"கலா, அந்தப் பாதிய நீயாதான் வுட்டியா?"

"எந்தப் பாதிக்கா?"

குவில்ட்டை மேசையில் வைத்து, அதன் இடது ஓரம் என் வலப்பக்கம் வரும்படி தலைகீழாகத் திருப்பினார். அப்போது பார்த்தேன். பாதிக் கம்பி, ஒற்றைத் திரை, அதற்கப்பால் வெறும் துணி. ஒரு தையல்கூட இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று பக்கத்தில் நின்ற ஏழுமலையைக் கேட்டேன்.

"தெரியும். சந்தோஷமா தச்சிக்கினு இருந்த. எப்படிச் சொல்றது?"

இனி ஊசியைத் தொட மாட்டேன் என்று அழுதேன். "நல்லா அழு. அழுதுட்டு மிச்சத்தத் தை" என்றார் ஸ்டெல்லா அக்கா. "எல்லாரும் பாதியப் புகழ்ந்துக்கினு இருந்தா, நீ பாதியிலயே நின்னுடுவ. எனக்கு மனசு கேக்கல."

மற்றவர்கள் பாராட்டியபோது உண்மையைச் சொல்லவே பஸ் ஏறி வந்தாரே, அந்த மனசு யாருக்கு வரும்? அன்று கோபமாகத்தான் இருந்தது. இன்று கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அவர் போனதும் ஏழுமலை சொன்னார்: "மைன்ஸ்ல கரி போற பெல்ட் ஓரமா ஒரு கயிறு போவும். எங்க நின்னு இழுத்தாலும் பெல்ட் நின்னுடும். வேலைக்கிப் போனா மொதல்ல அந்தக் கயிறு எங்கன்னுதான் பாப்போம். உனக்கும் ஒண்ணு கட்டிடலாம்."

குவில்ட்டின் இடது ஓரத்தில் சிவப்புக் கயிறு ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். "கயிறு கண்ணுல படுற வரைக்கும் தேடிக்கினே போ. பட்டாத்தான் நிறுத்தணும்." தட்டின் இடது விளிம்பிலும் கதவின் இடது நிலையிலும் சிவப்பு டேப் ஒட்டினார். பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சி சிகிச்சை தருபவர்) பார்த்துவிட்டு, "நாங்க சொல்லித்தரதும் இதத்தான் சார். எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"மைன்ஸ்லங்க."

ஜன்னலை மூன்று முறை பிரித்துத் தைத்தேன். மூன்று முறையும் கயிற்றுக்கு முன்பே நின்றுவிட்டேன். அடுத்து வந்த தலைப்புகளிலும் தோற்றேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

போன மாதத் தலைப்பு "பயணம்". மைன்ஸ் ஆட்களை ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ்ஸைத் தைத்தேன். பின் சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொரு ஜன்னலாக இடது பக்கம் போனேன். முடிந்தது என்று தோன்றும்போதெல்லாம் கயிறு தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டேன். தெரியாது. இன்னும் ஒரு ஜன்னல். கடைசியில் முன் சக்கரமும் வந்தது, பக்கத்திலேயே சிவப்பும் வந்தது. ஸ்டெல்லா அக்கா குழுவில் எழுதினார்: "முன் சக்கரம் கோணல். ஆனா முழு பஸ்."

முன்பெல்லாம் உலகம் முழுசாகத் தானே வந்து என் எதிரில் நின்றது. இப்போது அதன் இடது பாதிக்கு ஒவ்வொரு முறையும் நான்தான் போக வேண்டியிருக்கிறது. அரை மணி நேர வேலைக்கு ஒரு மணி ஆகிறது. ஆகட்டுமே.

பஸ்ஸைத் தைத்து முடித்த அன்று மதியச் சாப்பாட்டில், வழக்கம்போல வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஏழுமலையிடம் சொன்னேன்: "ஏங்க, எழுந்து இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

"அங்க வந்தா உனக்குத் தெரிய மாட்டேனே."

"தேடிக்கிறேன்."

நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஆளைக் காணோம். நான் திரும்பினேன். சோறு, பொரியல், தட்டின் சிவப்பு விளிம்பு. இன்னும் திரும்பினேன். மேசையின் மூலை, என் இடது தோள், அதற்கும் அப்பால் அவர் கை, அவர் முகம்.

"வந்துட்டியா?" என்றார்.