நனையாத டிஸ்க்குகள்

அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட மாஸ்ரர் ஒருவர் நடத்திய தட்டச்சு வகுப்பில் நான் வேலை பார்த்தேன். ரேடியோ திருத்தப் பழகியவன் என்பதுதான் என் தகுதி. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அங்கே தட்டச்சு மெசின்கள் பத்தும், கொம்பியூட்டர் ஒன்றும் இருந்தன. அந்த ஒன்றைத் தொட்டுப் பார்க்கத்தான் பிள்ளைகள் பருத்தித்துறையிலிருந்துகூடச் சைக்கிள் உழக்கி வந்தார்கள்.

சண்டையால் மின்சாரம் நின்று இரண்டு மூன்று வருடமாகியிருந்தது. ஜெனரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடும். ஒரு நாள் அது பாதியில் இருமி நின்றது. கொம்பியூட்டரும் அணைந்தது. திரும்பப் போட்டபோது, அதை இயக்குகிற டொஸ் என்ற புரோகிராம் அழிந்து போயிருந்தது. டொஸ் இல்லாத கொம்பியூட்டர் வெறும் பெட்டி. அதைத் திரும்ப ஏற்றுவதற்கு எங்களிடம் இருந்த டிஸ்க்குகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது.

என் பிள்ளைகளே, அப்போது உங்கள் மாமா, அதாவது உங்கள் அம்மாவின் தம்பி, வெளிநாட்டு அலுவலாகக் கொழும்புக்குப் போக இருந்தார். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்துகொண்டிருந்தவர். கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. வேண்டிய டிஸ்க்கின் பெயரை நான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்து மூன்று டிஸ்க்குகளுடன் வந்தார். இப்படிப்பட்ட சாமான்களை விடாத ஆமிக்காரரின் சோதனைச் சென்றிகளைத் தாண்டி, கிளாலிக் கடலில் வள்ளமேறி வந்தவர். சேட்டைக் கழற்றி, நெஞ்சோடு பட்டியால் கட்டியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்துத் தந்தார். பட்டி அழுத்தின தடம் முதுகில் சிவப்பாகக் கிடந்தது.

அந்த மூன்று கிழமையும் நான் சும்மா இருக்கவில்லை. மெசினைத் திறந்து தூசு தட்டினேன். மெமரிச் சிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவை இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புப் பூச்சிகள் மாதிரி இருக்கும். அழிறப்பரால் கால்களைத் தேய்த்துத் திரும்பச் செருகினேன். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன்.

புதிய டிஸ்க்கைப் போட்டோம். முதலாவது ஏறியது. இரண்டாவதின் நடுவில் நின்றது. படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, திரும்பப் பார்க்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. திரும்பப் பார் என்றேன். திரை உறைந்து போனது. அடுத்த நாள் முதலாவதிலேயே நின்றது. அதற்கடுத்த நாள் மூன்றாவது வரைக்கும் போய் நின்றது. எங்கெங்கே நின்றது என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன்.

மாஸ்ரர் பின்னால் வந்து நின்றார். "என்னடாப்பா, மெசினிலை பிழையோ, டிஸ்கிலை பிழையோ? பெற்றோருக்கு நான் என்ன சொல்ல?"

மெசினில் பிழை என்றால் அதைத் திறந்தவன் நான். வேறு ஒருவரும் அதற்குள் கை வைத்ததில்லை. டிஸ்க் உறை ஒன்றின் மூலையில் தண்ணீர் பட்ட கறை தெரிந்தது. அதை எடுத்து அவருக்குக் காட்டினேன்.

"கடலிலை நனைஞ்சிட்டுது, மாஸ்ரர்."

பின்னேரம் மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நனைஞ்சதெண்டால் நனைஞ்சதெண்டு சொல்லன். ஏன் மறைக்கிறாய்?"

"அத்தான், நான் நனைஞ்சன். அது நனையேல்லை. உந்தக் கறை என்ரை வேர்வை. வள்ளத்துக்குள்ளை தண்ணி வரேக்கை ரெண்டு கையாலையும் பொத்திக்கொண்டெல்லோ இருந்தனான்."

"பொத்தினால் உப்புக்காத்துப் போகாதோ? உனக்கு உதைப்பற்றி என்ன தெரியும்?"

"சரி அத்தான், இன்னொருக்காக் கொழும்புக்குப் போட்டு வாறன்" என்றார். இந்த முறை கொழும்பில் அவருக்குச் சொந்த அலுவல் ஒன்றும் இருக்கவில்லை. அம்மா வேண்டாம் என்று மறித்தார். "என்னாலை வந்த பிழையெண்டால் நான்தானே போகோணும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய் ஐந்தாம் நாள் அந்தக் கொப்பி கையில் பட்டது. மூன்று முறை, மூன்று வேறு இடங்கள். டிஸ்க் கெட்டதென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். தெருவில் பள்ளமாய் ஒரு கிடங்கு இருந்தால் சைக்கிள் தினமும் அந்தக் கிடங்கில்தானே விழும்? வேறு வேறு இடத்தில் விழுந்தால் பிழை சைக்கிளில். பிள்ளைகளே, இது எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது என்று எழுதினால் பொய். குறிக்கும்போதே மனம் சொன்னது. அப்போது கொப்பியை மூடி வைத்துவிட்டேன்.

மெசினைத் திறந்து ஒவ்வொரு சிப்பாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆறாவதில் ஒரு கால் சொக்கெற்றுக்குள் போகாமல் வயிற்றுக்கு அடியில் மடிந்து கிடந்தது. செருகும்போது நான் மடித்தது. தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. தொட்ட நேரம் ஏறியிருக்கிறது, விட்ட நேரம் நின்றிருக்கிறது. குறட்டால் நிமிர்த்திச் செருகி, மாமா கொண்டுவந்த அதே மூன்று டிஸ்க்குகளையும் போட்டேன். ஒரு தடங்கலும் இல்லாமல் டொஸ் ஏறியது.

மாஸ்ரர் கையைத் தட்டினார். "எப்பிடியடாப்பா செய்தனி?"

"டிஸ்கைக் காயவைச்சுத் துடைச்சுப் போட்டுப் பாத்தன், மாஸ்ரர்."

மாமாவை மறித்துச் சொல்ல வழி இல்லை. தொலைபேசி இல்லை. கடிதம் போனாலும் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாது. திரும்பி வரும் வழியில் வவுனியாவில் புது டிஸ்க்குகளுடன் அவரை ஆமிக்காரர் பிடித்துவிட்டார்கள். உது என்ன, யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள். கொம்பியூட்டரைப் பற்றித் தெரியாத மனிதர் என்னத்தைச் சொல்வது? என் பெயரையும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வெறுங்கையோடு வந்தார். இடது காது கேட்கவில்லை. கதைப்பவரின் பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

வந்த மறுநாள் வகுப்புக்கு வந்தார். டிஸ்க் கொண்டுவர முடியாமல் போனதற்கு மாஸ்ரரிடம் மன்னிப்புக் கேட்க வந்தாராம். கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த டிஸ்க்குகளைப் பார்த்தார்.

"அத்தான், இது நான் முதல் கொண்டுவந்ததெல்லோ?"

"ஓம்."

"அப்ப என்ன பிழை?"

அவருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு சிப்பின்ரை கால் மடிஞ்சு கிடந்தது. நான் போட்டதிலை வந்தது" என்று மெதுவாகச் சொன்னேன். காது கேட்காத பக்கம் நின்று சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் முகம் மாறியதில் கேட்டுவிட்டது என்று தெரிந்தது.

அந்த நேரம் மாஸ்ரர் உள்ளே வந்தார். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"ஆ, வா தம்பி! உது வாழைக்குலை இல்லையடாப்பா, ஈரச்சாக்குக்குள்ளை சுத்திக் கொண்டாறதுக்கு. உன்ரை அத்தான் கெட்டிக்காரன், காயவைச்சு எடுத்துப்போட்டான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றார். ஒரு வசனம் போதும். நனையவில்லை மாஸ்ரர், பிழை என்னுடையது. அவ்வளவுதான்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு விசையை அமத்தினேன்.

"போட்டு வாறன்" என்று மாஸ்ரருக்குச் சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைத்ததில்லை. அம்மாவோடு கதைப்பார், உங்களோடும் கதைப்பார். நான் செய்ததை அம்மாவுக்கு அவர் சொல்லவில்லை. அம்மா இன்றைக்கும் தம்பிக்குத்தான் வீண் ரோசம் என்று ஏசுகிறார்.

சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருக்காது. மாஸ்ரருக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. எனக்குப் போகவிருந்தது வேலை இல்லை, கெட்டிக்காரன் என்ற பெயர். பிள்ளையைச் சேர்க்க வருகிற ஒவ்வொரு தகப்பனிடமும் மாஸ்ரர் என்னைக் காட்டி, கடலில் நனைந்த டிஸ்க்கைக் காயவைத்து வேலை செய்ய வைத்த ஆள் இவர்தான் என்பார். சண்டையில் எல்லோரும் ஊரை விட்டு எழும்பும் வரைக்கும் அதைச் சொன்னார். நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன்.